120 அட்டைகள், 749 ரூபாய், ஒரு ஊசி

போன ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், பாரிமுனை பந்தர் தெருவில் ஒரு மாடிக் கடையில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற படம்-சொல் அட்டைகள் அடங்கிய இந்தப் பெட்டியை வாங்கினேன். மூடியில் 749 ரூபாய் என்று ஒட்டியிருந்தது. டீச்சர் என்று சொல்லிப் பேரம் பேசியதில் 680-க்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அடித்த வெயிலில் அந்த மாடிப்படி ஏறி இறங்கியதற்கே மிச்சம் 69 ரூபாய் சரியாகப் போயிற்று. ஒன்பது மாதம் தினமும் கையாண்ட பிறகு இதை எழுதுகிறேன். தயாரித்தவர்கள் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். படமும் சொல்லும் கலந்த இந்த மாதிரிப் பெட்டிகள் கடையில் நாலைந்து விதம் கிடைக்கின்றன, எதை வாங்கினாலும் நான் சொல்லப்போகிற விஷயம் பொருந்தும் என்பது இன்னொன்று.

நான் சைதாப்பேட்டையில் வீட்டு முன்னறையில் வைத்து, வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். 19 வருடமாக இதுதான் பிழைப்பு. சிறப்புக் கல்வியில் பட்டயம், அப்புறம் அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஏ. ஒரு கோரைப்பாய், ஒரு குட்டை மேஜை, பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது பக்க நோட்டு. அட்டை வைக்கிற ஒவ்வொரு முறையும் சரியா தப்பா என்று நோட்டில் கோடு போடுவேன். கீழே வரும் எண்ணிக்கை எல்லாம் அந்த நோட்டுகளில் இருந்து எடுத்தது. இரண்டே பிள்ளைகள், ஒரே டீச்சர். ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டிக்குள் 40 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டை: ஒன்றில் படம், ஒன்றில் தமிழ்ச் சொல், ஒன்றில் ஆங்கிலச் சொல். ஆக 120. கூடவே 16 பக்கத்தில் ஒரு கையேடு. நாற்பதில் 28 சாதுவானவை: பந்து, குடை, வாளி, கதவு, ஊஞ்சல், சீப்பு இந்த வகை. மீதிப் பன்னிரண்டுக்கு ஆரஞ்சு ஓரம் போட்டு ‘உணர்வு அட்டைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் நாலு முகம்: சிரிப்பு, கோபம், அழுகை, பயம். எட்டுப் பொருள்: நாய், பாம்பு, தேள், ஊசி, இடி, நெருப்பு, கேக், ஐஸ்கிரீம். நாய் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற நாய் இல்லை, ஈறு தெரியப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஊசி என்றால் டாக்டர் போடுகிற ஊசி, முனையில் ஒரு சொட்டு. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் காரணம் சொல்லியிருக்கிறார்கள். உணர்ச்சியைத் தூண்டும் படம் மனதில் ஆழமாகப் பதியும், ஆகவே இந்தப் பன்னிரண்டில் இருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று.

அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

அதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மூன்றாக அட்டை போட்டிருப்பது நல்ல யோசனை. யார் செய்தார்களோ, அவர்களுக்கு இந்தத் துறை கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். 1971-இல் மர்ரே சிட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மனவளர்ச்சி மிகவும் குன்றிய 17 வயதுப் பையன் ஒருவன். வாயால் சொல்கிற சொல்லுக்கு உரிய படத்தைக் காட்டுவான், படத்தைப் பார்த்துப் பெயரும் சொல்வான். அச்சிட்ட சொல் என்றால் ஒன்றும் புரியாது. சிட்மன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: காதில் விழுகிற சொல்லுக்கு அச்சிட்ட சொல்லை எடுக்க வேண்டும். இப்படி இருபது சொற்கள். அது வந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அச்சிட்ட சொல்லையும் படத்தையும் அவன் சேர்த்துவிட்டான். சொல்லைப் பார்த்து வாய்விட்டும் படித்தான். ஒரு பக்கம் தண்ணீர் விட்டால் பக்கத்துப் பாத்தியும் நனைகிற கதை.

பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர்களுக்குத் தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்ற மூன்றும் ஞாபகம் இருக்கும்: ஒன்று தனக்குத்தானே பொருந்துவது, இரண்டு இடம் மாறினாலும் பொருந்துவது, ஒன்றின் வழியே மூன்றாவதோடும் பொருந்துவது. மூன்றும் இருந்தால் அது சமானத் தொடர்பு. எனக்கு அந்தப் பாடத்தில் ஐம்பதுக்கு மேல் வந்ததில்லை, ஆனால் சொல் மட்டும் நின்றுவிட்டது. 1982-இல் சிட்மனும் டெய்ல்பியும் அதே மூன்றையும் கணக்கில் இருந்து கடன் வாங்கி, ஒரு பிள்ளைக்குச் சொல் ‘பொருள்பட்டுவிட்டதா’ என்று பார்க்கிற அளவுகோலாக ஆக்கினார்கள். ‘குடை’ என்ற எழுத்தும் குடைப் படமும் ஆங்கில எழுத்தும் எந்தப் பக்கத்தில் இருந்து போனாலும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்க வேண்டும். இரண்டு தொடர்பைச் சொல்லிக்கொடுத்தால் மீதி தானாக முளைக்க வேண்டும்.

முளைக்கத்தான் செய்தது. என்னிடம் வருகிற ஏழு வயதுப் பையன் ஒருவன் பந்து, குடை, வாளி என்ற முதல் மூன்றை ஒன்பது ஒன்பது முறையாக நாலு சுற்றில் முடித்தான். குடையின் ஆங்கில எழுத்தைப் படத்தோடு நான் காட்டியதே இல்லை. மேலே ஆங்கில அட்டையை வைத்து, கீழே மூன்று படங்களை வரிசையாகப் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, குடை மேல் விரல். 680 ரூபாய் அந்த நிமிடத்திலேயே வசூல்.

இனி சண்டை.

ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று வருகிறது. அவர்கள் தெருவில் ஒரு தடவை நாய் துரத்தி, செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தவள். கடித்ததில்லை, துரத்தியதுதான். இந்த விஷயம் தெரியாமல், கையேடு சொன்னபடி நான் ஆரஞ்சு அட்டைகளில் தொடங்கினேன். நாய், இடி, ஐஸ்கிரீம். பதினோரு சுற்று ஆயிற்று. சாதுவான அட்டைகளை இதே பெண் ஐந்து சுற்றில் முடிக்கிறவள். கோடுகளைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. நாய் மட்டும் தப்பாகவில்லை. வரிசையில் நாய் இருந்தால் பக்கத்தில் இருக்கிற அட்டையும் தப்பாயிற்று, ஏனென்றால் அவள் கண் அந்த வரிசைக்கே வரவில்லை, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். ஐஸ்கிரீம் இருந்தாலோ எதைக் கேட்டாலும் அதன் மேலேயே கை. பயம் ஒரு பக்கம் இழுத்தால் ஆசை இன்னொரு பக்கம். ‘இடி எங்கே?’ என்று கேட்டால் ஐஸ்கிரீமைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதைத் தப்பு என்று கோடு போட எனக்கே மனசு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி பழைய பாடக் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். இதெல்லாம் எப்போதோ பார்த்து எழுதிவைத்த விஷயங்கள். 1995-இல் ஜோசப் ப்ளாட் என்பவர் பாம்புப் படங்களையும் பூப் படங்களையும் தனித்தனியாக வைத்து இதே பொருத்தும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார். பாம்புகள் இருந்த தொகுதிகள் சமானமாகச் சேரக் கூடுதல் நேரம் பிடித்தன. அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த இன்னொரு ஆய்வில், பதற்ற நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் மிரட்டல் தொனியுள்ள சொற்களைக் கோத்துப் பார்த்தார்கள். பதற்றம் உள்ளவர்கள்தான் தடுமாறினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1991-இல் வட அயர்லாந்தில் செய்தது. அந்த ஊரில் பெயரைக் கேட்டாலே கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று தெரிந்துவிடும். கத்தோலிக்கப் பெயர்களைப் பொருளில்லாத அசைகளோடும், அந்த அசைகளைப் புராட்டஸ்டண்ட் சின்னங்களோடும் கோத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெயரும் சின்னமும் தானாகச் சேர வேண்டும். இங்கிலாந்தில் இருந்து வந்தவர்களுக்குச் சேர்ந்தது. அந்த இரண்டு தரப்புச் சண்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குச் சேரவே இல்லை. தெருவில் படித்த பாடம், ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு வழி விடவில்லை. நம் ஊரில் இதே சோதனையை எந்தெந்தப் பெயர்களை வைத்துச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் மனசுக்குள் ஓடுகிறது, இங்கே வேண்டாம்.

கையேட்டுக்காரர்கள் சொன்னதில் பாதி சரி. மனசைத் தொட்ட படம் மறக்காதுதான். அந்தப் பெண்ணிடம் அட்டைகளில் என்னென்ன இருந்தன என்று மறுநாள் கேட்டேன், முதலில் சொன்னது நாய். ஆனால் படம் ஞாபகம் இருப்பது வேறு, படம் ஒரு சொல்லோடு கைகோத்துக்கொள்வது வேறு. நாய் அவள் மனசில் ஏற்கெனவே ஒரு இடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாக இரண்டு அட்டைகளோடு சேர்ந்து உட்கார் என்றால் அது எப்படி நகரும்? சாதுவான 28-ஐ முதலில் முடித்து, இந்த விளையாட்டு எப்படி நடக்கும் என்று பிள்ளைக்குப் பழகிய பிறகுதான் ஆரஞ்சு ஓரத்தைத் தொட வேண்டும். கையேட்டில் வரிசையைத் தலைகீழாக அடித்துவிட்டார்கள்.

பையன் கதை இதைவிடக் கொஞ்சம் சிக்கல். அவனைக் கூட்டிவருவது அவன் ஆயா, அதாவது பாட்டி. ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக் கொடுக்கிறவர், வகுப்பு நடக்கிற முக்கால் மணி நேரமும் வாசல்படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருப்பார். செப்டம்பருக்குள் பையன் முப்பது பொருளுக்கு மேல் முடித்துவிட்டான். அதில் ஊசியும் ஒன்று. அப்போது அவனுக்கு ஊசி ஒரு பிரச்சினையே இல்லை. படம், தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து மூன்றையும் வாளி, சீப்பு மாதிரி சர்வசாதாரணமாகப் பொருத்தினான். ‘நீடில்’ என்ற ஆங்கில அட்டையை நான் படத்தோடு சேர்த்து ஒரு தடவைகூடக் காட்டவில்லை, தமிழ் எழுத்தோடு மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தான். தினமும் ரத்தப் பரிசோதனை, புறங்கையில் டிரிப்ஸ். திரும்பி வந்தபோது கையில் பச்சை கலந்த மஞ்சள் தழும்பு இருந்தது. இரண்டு வாரம் கழித்து பழைய பாடத்தை ஒரு பார்வை பார்க்கலாம் என்று அட்டைகளை எடுத்தேன். ஊசிப் படத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்தான். அது யாரும் எதிர்பார்ப்பதுதான், ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் ஆங்கில எழுத்து அட்டைகள் மட்டும் ஆறு, ஏழு வரிசையாகப் போட்டேன். படமே இல்லை, தமிழும் இல்லை. பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ‘நீடில்’ வந்ததும் தோள் இரண்டும் காதுவரை ஏறின. தழும்பு இருந்த கையைத் தொடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அந்த அட்டையைக் கவிழ்த்தான். வெள்ளை அட்டையில் ஆறு கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அந்த எழுத்து எங்கேயும் இருந்திருக்காது. அவனைக் குத்தியவர்கள் யாரும் அந்தச் சொல்லை எழுதிக் காட்டிவிட்டுக் குத்தவில்லை.

வாசல்படியில் இருந்து ஆயா, “இன்னா மிஸ் இது, இங்லீஸ்ல எழுதுனா கூடமா கொயந்தைக்கு வலிக்கும்?” என்றார். இந்தத் துறையின் ஐம்பது வருட ஆராய்ச்சியை யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வலிக்கும் ஆயா. 1994-இல் நியூ மெக்சிகோவில் மைக்கேல் டௌகர் குழுவினர் இதைத்தான் செய்து பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உருவங்களை நாலு நாலாக இரண்டு தொகுதியாகக் கோத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கோத்து முடிந்த பிறகு, ஒரு தொகுதியில் ஒரே ஒரு உருவம் வரும்போது மட்டும் லேசான மின் அதிர்ச்சி. அப்புறம் மற்ற உருவங்களைக் காட்டித் தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். அதிர்ச்சியோடு ஒருபோதும் சேர்ந்து வராத உருவங்களுக்கும், அதே தொகுதியைச் சேர்ந்தவை என்ற ஒரே காரணத்துக்காக, உடம்பு பதறியது. இன்னொரு தொகுதிக்கு அப்படி இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வருகிற பயம் வேறு, இந்தப் பயம் வேறு. இது கற்றுக்கொண்ட உறவின் வழியே நடந்து வருகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு அதே வாரத்தில் இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. பையன் ‘ஊஞ்சல்’ என்ற தமிழ் அட்டையையும் தள்ளிவிட்டான். ஊஞ்சல் என்றால் அவனுக்கு உயிர், மாநகராட்சிப் பூங்காவில் இறங்கவே மாட்டான். ஊஞ்சல் படத்தைக் காட்டினால் சிரிக்கிறான், எழுத்தைக் காட்டினால் தள்ளுகிறான். ‘ஊ’தான் காரணம். முதல் எழுத்து ஒன்றாக இருந்ததால் ஊசி என்று எண்ணியிருக்கிறான். இது உருவ ஒற்றுமை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ‘நீடில்’ அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்தால், என் கதையையும் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் ‘செம்பரம்பாக்கம் ஏரி, சென்னைக்குக் குடிநீர்’ என்று கோடிட்ட இடத்தை நிரப்பியவள் நான். ஏரியைப் பார்த்ததுகூட இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி எங்கள் தெருவுக்கு அடையாறு வந்தது. அப்புறம் டிவியில், ஏரியில் இருந்து ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் 29,000 கன அடி, 29,000 கன அடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கன அடி என்ற சொல்லை அதற்கு முன்னால் நான் ஒரு தடவைகூட வாயில் சொன்னதில்லை. இப்போது ஐப்பசி பிறந்து செய்தியில் ‘செம்பரம்பாக்கம் 21 அடி’ என்று ஒரு வரி ஓடினால், கை தானாகப் பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போகிறது, பத்திரப் பையை மேல்தட்டுக்கு மாற்ற. அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி என்று இந்த ஊரில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ரெட் அலர்ட் என்று வானிலைக்காரர்கள் சொன்ன உடனே வேளச்சேரி மேம்பாலத்தில் வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவந்து விட்ட கார்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே, அப்போது ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. சிவப்பு என்ற நிறம், அலர்ட் என்ற ஆங்கிலச் சொல், ஒரு ஏரியின் பெயர், ஒரு எண். நாலும் ஒரே தொகுதி. அதில் ஏதோ ஒன்று நம்மை ஒரு தடவை நனைத்துவிட்டது.

இந்தப் பெட்டியில் நல்லவேளை ஏரி இல்லை.

சரி, பையனை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று பெற்றோர் கேட்பார்கள். டௌகர் ஆய்வின் இரண்டாம் பகுதியில் ஒரு உபாயம் இருக்கிறது. தொகுதியில் ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சி இல்லாமல் திரும்பத் திரும்பக் காட்டிப் பயத்தை அடக்கினால், மற்றவற்றுக்கும் பயம் குறைகிறது. வந்த வழியே திரும்பிப் போகலாம். ஆகவே ஊசிப் படத்தை உறையில் போட்டு மூடிவிட்டு, தூரத்து முனையில் இருந்து தொடங்கினேன். ஆங்கில அட்டைகளை ரயில் டிக்கெட்டாக ஆக்கினோம். நான் டி.டி.ஆர்., அவன் சைதாப்பேட்டையில் ஏறி கடற்கரை ஸ்டேஷனில் இறங்குகிறவன். டிக்கெட்டுகளில் ஒன்று ‘நீடில்’. முதல் நாள் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தான். ஐந்தாம் நாள் எனக்கே அபராதம் போட்டான். அப்புறம் தமிழ் ‘ஊசி’ அட்டை, அது அவ்வளவாக எதிர்க்கவில்லை. இந்த உபாயத்தை ஆஸ்பத்திரிப் பயத்துக்கே மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வாசிப்பு டீச்சர், அட்டை பயம்தான் என் எல்லை.

பெட்டியில் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனவை அந்த நாலு முகங்கள். முதல் பாடத்தில் போட்டிருந்தால் கெடுத்திருக்கும், கடைசியில் போட்டதால் நன்றாக உதவியது. பிரேசிலில் சாவோ கார்லோஸ் நகரத்தில் போர்டோலோட்டியும் டி ரோஸும் முகபாவங்களையும் அர்த்தமில்லாத கிறுக்கல் படங்களையும் கோத்துப் பார்த்திருக்கிறார்கள். சிரித்த முகத்தோடு சமானமான கிறுக்கலை, அதன் பக்கத்தில் முகமே இல்லாதபோதும், ஆட்கள் நல்லது, இனியது என்று மதிப்பிட்டார்கள். கோப முகத்தின் கிறுக்கலை நேர்மாறாக. அந்த மதிப்பீட்டு முறையே எனக்கு ஒரு யோசனை கொடுத்தது. ஏழு கட்டம் போட்ட கோடு, ஒரு முனையில் நல்லது, மறு முனையில் கெட்டது. பிள்ளை ஒரு அட்டையை எந்தக் கட்டத்தில் வைக்கிறது என்று பார்த்தால் போதும், கேள்வியே கேட்க வேண்டாம். மேஜையில் சாக்பீஸால் ஏழு கட்டம் வரைந்திருக்கிறேன். பாடம் தொடங்குவதற்கு முன் எல்லாப் படங்களையும் அதில் வைக்கச் சொல்கிறேன். கடைசி இரண்டு முனைகளுக்குப் போகிற படங்கள் அந்தப் பிள்ளைக்கு முதல் மாதம் கிடையாது. நாயைப் பெட்டிக்காரர்கள் உணர்வு அட்டை என்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு நாய் நாலாம் கட்டத்துக்குப் போகிறது, சீப்பு ஏழுக்குப் போகிறது. (தலை வாரும்போது இழுக்கிற அம்மா.) எது உணர்வு அட்டை என்று ஆரஞ்சு மையால் முன்கூட்டியே அச்சடிக்க முடியாது, இதுதான் கையேட்டில் இருந்திருக்க வேண்டிய வரி.

பொருளின் தரத்துக்கு வருவோம். அட்டை கெட்டி, மூலை மட்டும் மூன்றே வாரத்தில் பிரிந்தது. பளபளப்பு லேமினேஷன் பெரிய தொல்லை, ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் வாளிக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. பையன் அதைப் பார்த்து ‘லைட்டு’ என்று பதில் சொன்னான், அவன் சொன்னது சரிதான். எழுத்து அளவு நன்று, எழுத்துருவும் பள்ளிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அச்சுப் பிழை இரண்டு. தேள் படத்தின் தமிழ் அட்டையில் ‘தேன்’ என்று இருக்கிறது. சமானத் தொடர்பு பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சும்மா விட முடியுமா? கொட்டுகிற ஜந்துவையும் இருமலுக்குக் கொடுக்கிறதையும் ஒரே தொகுதியில் கோத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கைக்குப் போகும் முன் கண்ணில் பட்டதால் மார்க்கரில் திருத்தினேன். இரண்டாவது அந்த ஊசி. டாக்டர் ஊசியின் படத்தைப் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் ‘நீடில்’ என்று எழுதினால் எப்படி? ‘சிரிஞ்ச்’ என்றல்லவா வேண்டும். பெட்டியில் போட்டிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையாகப் பேசினான், அடுத்த பதிப்பில் மாற்றுகிறோம் என்றான். மாற்று அட்டை அனுப்புவீர்களா என்றதற்குப் பதில் இல்லை.

ஆகவே ஆண்டர்சன் தெருவுக்குப் போய் மங்கலான, கெட்டிக் காகிதம் வாங்கிவந்து எட்டு அட்டையை நானே செய்துகொண்டேன். உட்கார்ந்திருக்கிற நாய், தேள் என்று எழுதிய தேள், அப்புறம் நூல் கோத்த தையல் ஊசி. தமிழில் இரண்டும் ஊசிதானே, ‘நீடில்’ என்ற ஆங்கிலமும் இப்போது பொருந்திவிட்டது. வெட்டுக்கூலி சேர்த்து 90 ரூபாய்.

வாங்கலாமா என்றால், 680-க்குக் கிடைத்தால் வாங்கலாம், முழு விலை 749 கொடுக்க வேண்டாம். வாங்கியதும் ஆரஞ்சு ஓரத்தைப் பிரித்துத் தனி உறையில் போடுங்கள், கையேட்டின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளையில் மூன்று பொருளுக்கு மேல் போடாதீர்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் படங்கள் குழந்தைத்தனமாகத் தெரியும், அவர்களுக்கு வேண்டாம்.

தையல் ஊசி அட்டையைப் பையனிடம் கொடுத்தபோது அவன் அதை வாங்கிக்கொண்டு எழுந்து வாசல்படிக்குப் போய், ஆயா கையில் இருந்த ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஆயாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, இப்போதெல்லாம் நூல் கோத்துக் கொடுப்பது இவன் வேலையாம். எச்சில் தொட்டு நூலை முறுக்குகிறான், ஒரே தடவையில் கோத்துவிடுகிறான். டாக்டர் ஊசிப் படம் உறையிலேயே இருக்கிறது. போன வாரம் உறையை அவனே திறந்து பார்த்தான், படத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் வாளியை வைத்தான்.